ஒன்றேகாலுக்கு ஏலம் கேட்டவள்

தெருவில் எல்லாருக்கும் அவள் டைரக்டரி அக்கா. தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, பெயரைச் சொன்னவர்களுக்கு நம்பரைச் சொன்னவள். அந்தப் பிரிவை இழுத்து மூடியபோது ஒரு கடிதாசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர். சும்மா இருந்தால் கை கால் வலிக்கும் ரகம் என்பதால், ஆறே மாதத்தில் ஒரு புதுத் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இணையதளப் பெயரை யாரும் முழுசாக வாங்கிவிடுவதில்லை. வருஷ வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். வாடகை கட்டாவிட்டால் பெயரைத் தரும் கம்பெனி சில வாரம் பொறுத்துப் பார்க்கும், அப்புறம் பெயரைக் கைகழுவிவிடும். அப்படிக் கைவிடப்போகும் பெயர்களின் பட்டியல் தினமும் காலையில் வரும். அதில் நல்லதாகப் பார்த்து முன்பதிவு செய்து வைக்க வேண்டும். ஒரே ஆள் பதிந்திருந்தால் பெயர் அவருக்கு. இரண்டு பேர் பதிந்திருந்தால் அவர்களுக்குள் மூன்று நாள் ஏலம். எடுத்த பெயரை, அது தேவைப்படும் கம்பெனிக்கு விற்கலாம். காலம் முழுக்கப் பெயர்களோடு புழங்கியவளுக்கு எந்தப் பெயர் நாக்கில் நிற்கும் என்பது சட்டென்று தெரியும்.

தம்பி மனைவிக்குத்தான் இதை விளக்கிச் சொல்லி மாளவில்லை. "செத்த பேரைப் பிடிச்சு உசுரு குடுத்து விக்கிறாங்க எங்க அண்ணி" என்பாள் பக்கத்து வீட்டில்.

"என்னது, மந்திரவாதியா?"

"ஆமா. ஆனா கரண்ட் போச்சுன்னா ஒண்ணும் நடக்காது."

ஒரு திங்கட்கிழமை பட்டியலில் 'தும்பி' என்ற பெயர் வந்தது. சின்னப் பெயர், வாய் நிறையச் சொல்லலாம். பறக்கும் கேமரா செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு முன்பதிவு செய்தாள். இன்னொரு ஆளும் பதிந்திருந்ததால் ஏலம் வந்தது. எதிராளிக்குப் பெயர் கிடையாது. திரையில் 'இரண்டு' என்ற எண் மட்டும்.

முதல் நாள் மத்தியானம் ஒன்று இருபதுக்கு 'இரண்டு' ஏலம் கேட்டது, ஒரே ஒரு படி ஏற்றி. ஆழம் பார்க்க அக்காவும் சாயங்காலம் இன்னொரு படி ஏற்றினாள். மறுநாளும் அதே மத்தியானம், அதே ஒரு படி. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தொழில் தெரிந்தவன் இப்படிக் கேட்க மாட்டான். உச்சபட்சத் தொகையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். எதிராளி ஏற்ற ஏற்ற, அந்தத் தொகை வரைக்கும் இயந்திரமே பதிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

"கத்துக்குட்டி" என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பெயரில் முன்பு என்னதான் இருந்தது என்று பார்க்கப் போனாள். மூடிப்போன தளங்களின் பழைய பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்துவைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தேடினாள். கிடைத்தது.

உயரமான கட்டடங்களுக்குச் சாமான் தூக்கும் கிரேனை ஓட்டுகிற ஒருவர், விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தினமும் நாலு வரி எழுதியிருந்தார். மகளின் செல்லப் பெயர்தான் தும்பி. 'தும்பிமா, இன்னைக்கு மேகம் எனக்குக் கீளே போச்சு. அப்பா பெரிய ஆள் ஆயிட்டேன்.' 'தும்பிமா, மேலே இருந்து பாத்தா எல்லாக் குடையும் பூ மாதிரிதான் இருக்கு. கருப்புப் பூ கொஞ்சம் ஜாஸ்த்தி.' எழுத்துப் பிழை மலிந்து கிடந்தது. போன வருஷம் ஒரு வியாழக்கிழமையோடு எழுத்து நின்றிருந்தது.

அக்கா காபியை ஆறவிட்டுப் படித்தாள். இதை விற்பதாவது! பெற்றவன் பிள்ளைக்கு எழுதியதன் மேல் எவனோ கேமரா விற்பதா? யார் கைக்கும் போகாமல் நாமே வைத்துக்கொள்வோம் என்று முடிவுகட்டினாள். வழக்கமாகத் தொடாத ஒரு பெரிய தொகையை உச்சபட்சமாகப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மீதிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் திறந்திருந்த ஏலப் பக்கத்தில் 'இரண்டு' வந்தது. ஒரு படி ஏற்றியது. இயந்திரம் கண் இமைக்கும் முன் பதிலுக்கு ஏற்றியது. மறுபடி ஒரு படி. மறுபடி பதில். அக்காவின் கண் படித்துக்கொண்டிருந்த வரியில் இருந்தது: 'தும்பிமா, ஒன்னேகாலுக்கு அம்மா கம்பெனியில சாப்பாட்டுச் சங்கு ஊதும். அம்மா தையல் மிஷினை விட்டு எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வந்து கையாட்டுவா. இவ்ளோ தூரத்துல இருந்து அது அம்மாதான்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.'

கடிகாரம் ஒன்று இருபத்துநாலு காட்டியது.

அக்கா ஏலப் பக்கத்துக்குத் திரும்பினாள். அது வியாபாரி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. போட்ட தொகையைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று அக்கா பக்கம் பக்கமாகத் தேடினாள். முன்னணியில் இருப்பவர் விலக முடியாது என்றது விதி. 'இரண்டு' இன்னும் மூன்று முறை ஏற்றியது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் தயவுதாட்சண்யம் இல்லாமல் தள்ளிவிட்டது. ஒன்றரைக்கு 'இரண்டு' அடங்கிப்போனது. ஐந்து மணிக்குப் பெயர் அக்காவுடையது ஆனது.

"ஜெயிச்சதுக்கா அண்ணி இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"ஜெயிக்கலம்மா. பிடுங்கிட்டேன்."

ஏலக்காரர்கள் எதிராளி விவரத்தைத் தர மாட்டார்கள். யோசித்து யோசித்து, பெயர் கைக்கு வந்ததும் அந்த முகவரியில் ஒரு வெள்ளைப் பக்கத்தைப் போட்டாள். அதில் இரண்டே வரி: 'தும்பியின் அப்பா எழுதியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. தும்பியின் அம்மா என்னைக் கூப்பிடவும்.' கீழே தன் நம்பர்.

நாலு நாள் கழித்து, மத்தியானம் போன் அடித்தது.

"எவ்ளோ வேணும்?" எடுத்த எடுப்பில் ஒரு பெண் குரல், கத்தி மாதிரி. "சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்."

அக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். "ஒண்ணும் வேணாங்க. அது உங்களோடது. ஏலத்துல இருந்தது நீங்கன்னு எனக்குக் கடைசியிலதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள மெஷின் கேட்டு முடிச்சுடுச்சு. மன்னிச்சுக்குங்க."

பின்னால் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"நீங்கதானா அது?" குரல் இறங்கியிருந்தது. "உங்களை நான் திட்டாத திட்டு இல்ல. ஆம்பளைன்னு நெனச்சு இன்னும் மோசமா திட்டினேன்."

"வாங்கிக்கறேன்" என்றாள் அக்கா. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பிலேயே அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது.

நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரர் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வாடகை கட்டச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயிருக்கின்றன. அந்த மின்னஞ்சலும் தும்பி தளத்தின் பெயரிலேயே இயங்கியதுதான். பெயர் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. "பேரைக் குடுத்த கம்பெனிக்கு நான்தான் மனைவின்னு எத்தனையோ தடவை எழுதினேன். அந்த மெயில்லேருந்து எழுதுன்னு சொல்றாங்க. அது திறந்தா நான் ஏன் அவங்ககிட்ட போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். தும்பி இப்போது கல்லூரிக்காரி. நெடுநெடுவென்ற அந்த உயரம் அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். மாடி அறையில் நாற்காலி போதாமல் தம்பி மனைவி கீழேயிருந்து ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பெயரைத் தாயின் கணக்குக்கு மாற்றி, பத்து வருஷத்துக்கு வாடகையும் கட்டினார்கள். அதில் பாதியை நான்தான் கட்டுவேன் என்று அக்கா பிடித்த பிடிவாதத்துக்குத் தாய் ஒரு வழியாக இணங்கினாள். பிறகு நகலில் கிடைத்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஏற்றினார்கள். அக்கா வாசிக்க, தும்பி தட்டினாள்.

மேகம் வந்த பக்கத்தில் தும்பியின் விரல் நின்றது. "கீளேன்னு போட்டிருக்காரும்மா. 'ழே'ன்னு மாத்திடவா?"

தாய் எழுந்து வந்து மகளின் தோள் வழியாகத் திரையைப் பார்த்தாள். உதட்டை அசைத்து அந்த வரியை ஒரு தடவை படித்தாள்.

"அப்படியே இருக்கட்டும்டி" என்றாள். "வாயிலயும் அவருக்கு அப்படித்தான் வரும்."

தும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அதில் நாலு பிழை இருந்தது. நாலையும் அப்படியே தட்டினாள்.