கரண்ட் கத்தியும் அக்காவின் வலக்கையும்

அந்தக் கத்தியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அது அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், கினிகத்தேனையில் நான் அக்கா என்று கூப்பிடுகிறவரின் மீன்கடை மேசைமேல் இருந்தது. வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டபோது, துபாயில் வேலை செய்யும் மகள் யாரிடமோ கொடுத்தனுப்பிய கரண்ட் கத்தி என்றார். முள்ளிலிருந்து மீன் சதையைப் பிரித்தெடுப்பதற்கென்றே செய்ததாம். மகள் வேலை செய்யும் ஹோட்டலில் அதை வைத்துத்தான் மீன் வெட்டுகிறார்களாம். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பற்கள் வைத்த இரண்டு அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, பின்னால் தடித்த கைப்பிடி, அதிலிருந்து ஒரு வயர். பேக்கரியில் பாண் வெட்டுகிற சாமான் மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது; அக்காவின் மடியில் அசையாமல் கிடந்த வலது கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நான் மீன் லொறி ஓட்டுகிறவன். நீர்கொழும்பில் ஏற்றி, கினிகத்தேனை, ஹட்டன் என்று இறக்கிக்கொண்டே நுவரெலியா வரை போவேன். திரும்பி வரும்போது நீர்த்தேக்கத்து மீனவர்களிடம் திலாப்பியா எடுத்து வழியில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பேன். இந்தப் பாதையில் எத்தனையோ பேர் மீன் வெட்டிப் பார்த்திருக்கிறேன். அக்காவைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து கடை போட்டார். இரண்டு கையாலும் கொழுந்து பறித்த வேகம் அப்படியே மீனுக்கு வந்துவிட்டது என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்வார். ஒரு மோதா மீனைப் பலகையில் கிடத்தி, செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்தாரென்றால், முதுகெலும்பை உரசிக்கொண்டு வால்வரை ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் அவர் மீனைப் பார்ப்பதே இல்லை. ரோட்டில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டோ, பக்கத்துப் பழக்கடைக்காரரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டோ வெட்டுவார். "முள்ளு எங்க இருக்குன்னு கத்தியே கைக்குச் சொல்லிரும் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். பெருமைக்குச் சொன்னதாகத் தோன்றவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, திலாப்பியா நிறுத்துக்கொண்டிருந்தபோது தராசுத் தட்டு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பாரிசவாதம். பேச்சு சில நாளில் தெளிந்தது, கால் மெல்ல மெல்ல வந்தது. வலது கை மட்டும் வரவேயில்லை. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. ஐந்து மாதம் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கடைமுன் நான் எத்தனை நாள் நிறுத்த முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவருக்கு வைக்கும் மீன் பெட்டிகளை, ரோட்டில் கொஞ்சம் கீழே புதிதாகத் திறந்திருந்த கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஒருமுறை பாதையோரம் நின்று, கடை மறுபடி திறக்கப் போகிறோம், மீன் வேண்டும் என்று சொன்னபோது, பார்க்கலாம் அண்ணே என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தேன். அன்று மழையில் நான் அக்காவின் கடையில் நின்றதுகூட, பழக்கடைக்காரர் என்னைக் கைகாட்டி மறித்து, அக்காவைத் தங்கச்சி என்கிற முறையில், அந்த நங்கி உன்னைக் கூப்பிடுகிறாள், இறங்கிப் போ என்று கண்டிப்பாகச் சொன்னதனால்தான்.

அன்று ஒரு திலாப்பியாவைப் போட்டுப் பார்த்தார். இடது கையில் கத்தியைப் பிடித்து விசையை அழுத்தியதும் கடை முழுக்க இரைச்சல். மீன் பலகையில் நிற்கவில்லை. அலகு பட்ட இடத்திலிருந்து வழுக்கி வழுக்கி ஓடியது. வீட்டுக்காரர் வந்து வாலைப் பிடித்தார். நடுக்கம் கைக்கு ஏறியதும் பயந்துபோய் விட்டுவிட்டார். மீன் தரையில் விழுந்தது. அக்கா, தேத்தண்ணி போட்டு எடுத்து வரச் சொல்லி அவரை உள்ளே அனுப்பினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரச் சாக்குத் துண்டொன்றைப் பலகையில் விரித்து, மீனைக் கழுவி அதன்மேல் கிடத்தினார். இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை மீனின் தலைமேல் வைத்தார். ஒரு கல்லைத் தூக்கி வைப்பதுபோல வைத்தார். தோளைச் சாய்த்து உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கினார். மீன் அசையவில்லை.

உணர்ச்சியில்லாத கைக்குப் பக்கத்தில் ஓடுகிற கத்தி. வேண்டாம் அக்கா என்றேன். அவர் கத்தியை எடுத்து, செவுளுக்குப் பின்னால் அலகை வைத்து, கையிலிருந்து விலகி வால் பக்கமாகவே கத்தி போகும்படி மெல்ல நகர்த்தினார். முதல் மீன் பாழ்தான். விலா முள்ளையெல்லாம் கத்தி அறுத்துச் சதையோடு சேர்த்துக்கொண்டது. பாதிச் சதை எலும்பிலேயே நின்றுவிட்டது. பூனைக்குப் போடவும் யோசிக்க வேண்டியிருந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாரத்துக்கு ரெண்டு நாளு வர்றீங்கல்ல தம்பி. வர்றப்ப நாலஞ்சு மீன் போட்டுட்டுப் போங்க. கெடுத்துக் கெடுத்துத்தான் பாக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு என்னால் நிற்காமல் போக முடியவில்லை. வந்த நாளெல்லாம் அந்தக் கத்தியின் குறைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவை பொய்யும் அல்ல. சாளை மாதிரிச் சின்ன மீனை அது கூழாக்கிவிடும். கெலவல்லா மாதிரிப் பெரிய மீனின் நடுமுள்ளில் வைத்தால் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஒருமுறை கருகல் வாசனைகூட வந்தது. செதிலை எப்படியும் வேறாகச் சுரண்டத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு அலகையும் கழற்றி, இடுக்கில் ஒட்டிய ரத்தத்தைக் கழுவித் துடைக்காவிட்டால் மறுநாள் நாறும். கரண்ட் போய்விட்டால் அது வெறும் கட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி பிடித்த கையே நடுங்கிக்கொண்டிருப்பதால் முள் எங்கே, சதை எங்கே என்று அந்தக் கைக்குத் தெரிவதில்லை. நல்ல கை இரண்டு உள்ளவனுக்குத் தீட்டிய சாதாரணக் கத்திதான் மேல் என்றேன். நான் என்ன சொன்னேன் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா கோபிக்கவில்லை. ஆமா தம்பி, ரெண்டு கை உள்ளவங்களுக்கு என்று மட்டும் சொன்னார்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் பெட்டியோடு இறங்கினேன். கத்தி ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் அவர் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. அலகு மீனுக்குள் இருந்தது. வலது கை மீன் தலைமேல் இருந்தது. கண்ணை மூடியிருந்தார். என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறி அருகே போனேன். விசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, கைக்குத் தெரியுது."

எந்தக் கைக்கு என்று கேட்டேன்.

"செத்த கைக்கு."

நான் அவருடைய வலது விரலைத் தொட்டுப் பார்த்தேன். தெரியவில்லை என்றார். மெல்லக் கிள்ளினேன். அதுவும் தெரியவில்லை. மறுபடி விசையை அழுத்தினார். "இப்பத் தெரியுது. உள்ளங்கைக்குள்ள என்னமோ ஓடுது" என்றார். இன்னும் ஒரு விரல் அளவு கத்தியை நகர்த்தி, நின்று, சொன்னார்: "சதையில போறப்ப ஒங்க லொறி தார் ரோட்டுல போற மாதிரி இருக்கு. முள்ளுல பட்டா கல்லு ரோட்டுல ஏறுன மாதிரி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆசையில் சொல்கிறார் என்று நினைத்தேன். அக்கா மீனைத் திருப்பிப் போட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்து, கத்தியை ஓடவிட்டார். முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். முன்பெல்லாம் பார்ப்பாரே, அதே மாதிரி. கத்தி கொஞ்சம் போய்க் கொஞ்சம் தயங்கியது. கோணத்தை மாற்றியது, மறுபடி போனது. வால்வரை வந்ததும் சதை தனியே மடங்கி விழுந்தது. நான் எலும்பைக் கையில் எடுத்து வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அதில் ஒட்டியிருந்த சதை அவ்வளவு மெல்லியது. முள்ளுக்கு முள் இடையே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் வந்த பஸ் என் லொறியை நகர்த்தச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது.

யோசித்தால் காரணம் புரிகிறது. மீனின் தலையும் முதுகெலும்பும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. எலும்பில் அலகு படும்போது எழுகிற நடுக்கம் நேரே தலைக்கு வருகிறது. தலைமேல் இருக்கும் உள்ளங்கைக்கும் வருகிறது. கத்தி பிடித்த கைக்கு இரைச்சலில் தெரியாமல் போவது, சும்மா கிடக்கும் கைக்குத் தெரிந்துவிடுகிறது. இதையெல்லாம் இப்போது சொல்ல முடிகிறது. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் அந்த வியப்பு எனக்குக் குறையவில்லை. கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, செய்வதை விடாமல் செய்யுங்கள் என்றாராம். மேற்கொண்டு எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை. இன்றுவரை அந்தக் கையால் ஒரு கோப்பையைத் தூக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து அதை அவர் செத்த கை என்று சொன்னதில்லை.

அந்த வாரமே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெட்டிகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டேன் அக்கா, சொல்லாமல் விட்டது தப்பு என்றேன். அவர் சாக்குத் துண்டை அலசிக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. லொறி நிக்காமப் போறது இங்கருந்து பாத்தா தெரியாதா?"

அவ்வளவுதான். நான் கீழ்க்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடை முதலாளியான முஸ்லிம் நானா சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் வந்து அக்கா வெட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். முழு மீன் கேட்கிறவர்கள் என்னிடம் வாங்கட்டும், முள்ளில்லாமல் கேட்கிறவர்களை இங்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீர்த்தேக்கத்துப் பக்கத்து விடுதிகளுக்கு இப்போது அக்கா பிரித்தெடுத்த திலாப்பியாதான் என் லொறியில் போகிறது. பெரிய கெலவல்லாவைத் தொடுவதில்லை, சாளையைத் தொடுவதில்லை. கரண்ட் இல்லாத நாளில் கடையில் உட்கார்ந்து பழக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஹட்டனில் ஒரு கடைக்காரர், கரண்ட் கத்தி வாங்கினால் பிரயோசனப்படுமா என்று என்னிடம் கேட்டார். உங்கள் கைக்கு வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியில் அக்காவிடம் இதைச் சொன்னேன். கேட்டுச் சிரித்தவர், ஒரு மோதாவைப் பலகையில் போட்டு, என் கையைத் தலைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். கத்தியை ஓடவிட்டார். உள்ளங்கை முழுக்க ஒரே அதிர்வு. இது சதை, இது முள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் ஸ்டியரிங்கில் எத்தனையோ நடுக்கத்தைப் பிடித்த கை. ஒன்றும் பிடிபடவில்லை என்று சொன்னேன்.

"தெரியாது தம்பி. அது நல்லாருக்கிற கை" என்றார் அக்கா.

என் கையை எடுத்து அப்பால் வைத்தார். தன் வலது மணிக்கட்டைத் தூக்கி, நான் வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி வெட்ட ஆரம்பித்தார்.