பிஸ்மி சொல்லி அறுக்கப் போனவன்

இந்த வருட வேட்டை எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். ஓர் ஆண் மூஸ் விழுந்தது, ஒரு மனிதனின் இடுப்பெலும்பு உடைந்தது. கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கும் ஃப்ரீஸர் நிறைய இறைச்சி இருக்கிறது. இதை எழுதுகிற இன்றுவரை நான் அதன் மூடியைத் திறக்கவில்லை.

மூஸும் மான் இனம்தான் என்று புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் அதன் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார். அதன் தோள் என் தலைக்கு மேலே நிற்கும். கோபம் வந்தால் பிடரி மயிர் சிலிர்க்கும், காது பின்னால் படுக்கும், முன்னங்காலால் உலக்கை போட்டதுபோல் குத்தும். ஓநாயையே அந்தக் காலால் கொன்றுவிடும் என்பார்கள்.

நாங்கள் மூன்று பேர் போவோம். நான் மன்னார்க் கத்தோலிக்கன், வீட்டுக் கூரை போடுவது தொழில். என் நண்பனும் மன்னார்தான். முஸ்லிம், வெக்ஸ்போர்ட்டில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். மூன்றாவது ஆள் என் மனைவியின் தம்பி. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியவன், கடையில் தொங்குகிற வேட்டைச் சாமான் அத்தனையையும் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு வருவான். கயிற்றுக் கப்பி, சூடாகும் காலுறை, ஃபோன் எடுபடாத காட்டிலும் ஆபத்துச் செய்தி அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்று. நானும் நண்பனும் அவனை நடமாடும் கடை என்று பழிப்போம்.

நண்பனும் நானும் கனடாவுக்கு வந்த புதிதில் வெக்ஸ்போர்ட்டில் ஒரே கட்டடத்தில், எதிரெதிர் வாசலில் குடியிருந்தோம். அவன் வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கில்லை. பெருநாள் என்றால் சட்டியோடு வந்துவிடும். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அவனுடைய மனைவி, எனக்குப் போடும்போது இறைச்சியை அடியிலிருந்து கிண்டிப் போடுவாள். என் வீட்டுக்கு வந்தால் அவன் மீன் சாப்பிடுவான், மரக்கறி சாப்பிடுவான், இறைச்சியைத் தொடமாட்டான். ஹலால் கடையில் வாங்கியது என்று என் மனைவி சத்தியம் பண்ணினாலும், பன்றி சமைத்த சட்டி என்று ஒரு யோசனை அவனுக்கு. புதுச் சட்டி வாங்கிச் சமைத்தோம். அன்றைக்கு வயிறு சரியில்லை என்றான். மரியாதையாக மறுப்பதில் அவனை யாரும் வெல்ல முடியாது. எனக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாங்கித் தின்றே பழகிய கை எனக்கு, ஒரு நாளாவது கொடுக்கவேண்டும் என்று இருந்தது.

போன வருடம் ஒரு மூஸ் கன்று கிடைத்தது. மைத்துனன் வைத்த வெடியில் அது நின்ற இடத்திலேயே செத்து விழுந்தது. நண்பன் ஓடி வந்து பார்த்தபோது கண் மூடாமல் கிடந்தது. அவனுடைய மௌலவி சொன்ன கணக்கு இதுதான்: அவனே பிஸ்மி சொல்லி, அதாவது அல்லாவின் பெயரைச் சொல்லி, சுட்டால் சாப்பிடலாம். வேறு யாரும் சுட்டால், உயிர் போவதற்குள் அவனுடைய கத்தி கழுத்தில் விழவேண்டும். இரண்டும் இல்லை. ஆனாலும் அந்தக் கன்றின் பின்னந்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு சதுப்பைக் கடந்தவன் அவன்தான். இரத்தம் முதுகு வழியாக வழிந்து காற்சட்டைக்குள் இறங்கியது. ஐஸ் மாதிரி இருந்த ஏரித் தண்ணீரில் குளித்துவிட்டுத் தொழுதான். நாங்கள் ஈரலைப் பொரித்து வெட்டினோம். அவன் தகரத்தில் அடைத்த ரின்மீனும் பாணும் சாப்பிட்டான். ரொறன்ரோவுக்கு வரும்போது அவனுடைய குளிர்ப்பெட்டி காலியாக இருந்தது.

அந்தப் பயணத்தில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த முறை என்ன விழுந்தாலும் அவன் தின்னக்கூடியதாக விழவேண்டும், அதை என் வீட்டு மேசையில் அவன் தின்னவேண்டும். அவனுக்கும் சொன்னேன். நான் சுட நேர்ந்தால் நானே பிஸ்மி சொல்லிச் சுடுகிறேன் என்று பகிடியாகக் கேட்டும் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. நம்பிக்கை இல்லாத வாயால் சொன்னால் அது வெறும் சத்தம் என்றான்.

இந்த வருடம் ஆண் மூஸுக்கான அனுமதி கிடைத்தது. வருடக்கணக்காக விண்ணப்பித்துக் காத்திருந்தது அது. முதல் வெடி நண்பனுக்கு என்று பேசிவைத்தோம். விடிந்தும் விடியாத நேரம், ஏரியின் ஓரத்தில் அவனை நல்ல இடம் பார்த்து இருத்தினோம். மூஸ்கள் துணை தேடும் காலம் அது. பெண் மூஸ் போலக் கத்தினால் ஆண் வரும். அதற்குக் கடையில் குழல் விற்கிறார்கள், மைத்துனனிடம் இரண்டு இருந்தது. நண்பன் கராஜில் எஞ்சின் எண்ணெய் ஊற்றுகிற புனலை எடுத்து வந்திருந்தான். அதை வாயில் வைத்து, மூக்கால் இழுத்து, அவன் கத்துகிற கத்தில் எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்.

பதில் வந்தது. காட்டுக்குள் யாரோ மரத்தில் கோடரியால் தட்டுவதுபோல ஓர் உறுமல். பிறகு கிளைகள் முறியும் சத்தம். அது நண்பனை நோக்கி நேரே போகவில்லை. ஆண் மூஸ் காற்றைப் பிடிக்கச் சுற்றி வரும். சுற்றி வந்து என் முன்னால் நின்றது. கொம்பில் செடியும் சேறும் தொங்க, கண் சிவந்து, வாயால் எச்சில் ஒழுக நின்றது. நான் சுடாமல் விட்டிருக்கலாம். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் என் மணம் அதன் மூக்கில் பட்டிருக்கும், அத்தோடு இந்த வருடமும் போயிருக்கும். சுட்டேன்.

வெடி தோளில் பட்டது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று காலில் அது ஓடியது. ஓடினது என்று சொல்லக்கூடாது, காட்டை இடித்துக்கொண்டு போனது. சுட்ட பிறகு உட்கார்ந்து பொறுத்திருக்கவேண்டும், மிருகம் படுத்து அடங்கும்வரை கிட்டப் போகக்கூடாது. முதல் வருடம் வேட்டைக்கு வருகிறவனுக்கே அது தெரியும். நாங்கள் பொறுக்கவில்லை. அடங்கினால் நண்பனுக்கு இல்லை. அவன் கத்தியை உருவிக்கொண்டு வர, நான் முன்னால் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். இலைகளில் நுரை கலந்த இரத்தம் தெறித்திருந்தது.

சதுப்பில் படுத்திருந்தது. ஒரு பக்கம் சேற்றுக்குள் புதைந்து, தலை நிமிர்ந்து, மூச்சு விடும்போதெல்லாம் மூக்கிலிருந்து சிவப்பாகக் குமிழி வந்தது. நான் துவக்கை உயர்த்தினேன்.

"அத்தான், இன்னொரு வெடி வையுங்கோ," என்றான் மைத்துனன் பின்னாலிருந்து.

"வைக்காத. உயிர் இருக்கு. நான் அறுக்கிறன்," என்றான் நண்பன்.

நான் துவக்கைத் தாழ்த்தினேன். இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். தாழ்த்தினேன்.

நண்பன் பின்பக்கமாகத்தான் போனான், அதில் பிழை சொல்ல முடியாது. பெருநாளுக்கு எத்தனையோ கிடாயும் மாடும் அறுத்த கை அவனுடையது. தலைப்பக்கம் போய்க் குந்தினான். கத்தி வலக்கையில் இருந்தது. ஒரே இழுப்பில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. மிருகத்தின் முகம், தொழுகிற திசையான கிப்லாவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இடக்கையால் கொம்பைப் பிடித்துத் தலையை மெதுவாகத் திருப்பினான். கட்டிப்போட்ட கிடாயைத் திருப்புகிற அதே பக்குவம். உயிருள்ள ஆண் மூஸின் கொம்பைப் பிடித்து முகம் திருப்பிய ஆள் இந்த நாட்டிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அது எழும்பியது. மூன்று காலில், சேற்றைக் கிழித்துக்கொண்டு, கொம்பில் அவனையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. கத்தி எங்கேயோ பறந்தது. ஒரு முறை தலையை உதறியது, அவன் அதன் முன்னால் மல்லாந்து விழுந்தான். கொம்பின் நுனி தொடைக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். நல்ல முன்னங்காலைத் தூக்கிக் குத்தியது. முதல் குத்து சேற்றில் விழுந்தது. இரண்டாவது இடுப்பில் விழுந்தது. சுட முடியவில்லை. தலையை அது ஆட்டுகிற ஆட்டத்தில் குறி வைத்தால் ஒரு நேரம் மூஸ் தெரிந்தது, ஒரு நேரம் அவனுடைய தோடம்பழ நிற வேட்டை அங்கி தெரிந்தது. அவன் கத்தினான். அல்லா என்று, ஒரு முறை, தொண்டை கிழிய. நான் ஓடிப்போய்த் துவக்கின் வாயை அதன் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினேன்.

விழுந்தது அவன் மேல்.

மைத்துனனை நான் எவ்வளவு பழித்திருப்பேன். அந்தக் கப்பியை மரத்தில் மாட்டிக் கொம்பை இழுத்துத் தூக்கியவன் அவன். அந்தச் சின்னப் பெட்டியின் பொத்தானை அமர்த்தியவன் அவன். நான் என் பெல்ற்றைக் கழற்றி நண்பனுடைய தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றாலும் அவனைத் திட்டினேன். கண்ணை மூடினால் கொன்றுபோடுவேன் என்றேன். அவன் உதடு நீலமாகிப் போயிருந்தது. ஹெலிகொப்ரர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது, எங்களுக்கு அதில் இடம் இல்லை.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த மூஸும்தான். இறைச்சியைக் காட்டில் அழுக விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். நான் முதலில் செய்தது அதன் முகத்தில் உதைத்தது. செத்த மிருகத்தின் முகத்தில், பூட்ஸ் காலால், கால் நோகும்வரை உதைத்தேன். பிறகு வயிற்றைக் கீறினோம். குடல் ஆவி பறக்க என் முழங்காலில் சரிந்தது. நான் வெட்டிய வெட்டு உரிப்பதற்கு வெட்டுகிற வெட்டு இல்லை. நல்ல இறைச்சி நாராகப் போகிறது என்று மைத்துனன் ஒரு தரம் சொன்னான், நான் காதில் வாங்கவில்லை. அவனுக்கும் பயம், அழுகை, எல்லாம் சேர்ந்து வாய் சும்மா இருக்கவில்லை.

"மதத்தை வேட்டைக்குக் கொண்டு வந்தால் உதுதான் நடக்கும், அத்தான்."

நான் அவனைச் சட்டையில் பிடித்து மரத்தோடு சாத்தினேன். அவன் முகம் வெளிறியது. என்னைப் பார்த்து இல்லை, என் மற்றக் கையைப் பார்த்து. அதில் கத்தி இருந்தது, பிடிவரை இரத்தம். அதைக் கீழே போடுவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவன் என் மனைவியோடு ஒரே வயிற்றில் பிறந்தவன். அதற்குப் பிறகு பேசாமல் வெட்டி முடித்தோம்.

வடக்கே ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் நண்பனைப் பார்த்தேன். இடுப்பில் கம்பி வைத்திருந்தார்கள். நடப்பான், ஆனால் முன்புபோல நடக்கமாட்டான் என்றார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று டொக்ரர் சொன்னார். நான் வழி முழுக்க ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நீ அல்லா எண்டு கத்தினனி. அதுக்குப் பிறகுதான் நான் சுட்டனான். நான் வடிவாக் கேட்டனான். அப்ப அது ஹலால்தானே?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலி மருந்தில் நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தேன்.

"அது என்ர உயிருக்காகக் கூப்பிட்டது. மூஸுக்காகச் சொன்னதில்லை," என்றான். "பிஸ்மியை நான் இன்னும் சொல்லத் தொடங்கேல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டிலைப் புரட்டியிருப்பேன். இடுப்பு நொறுங்கிக் கிடக்கிறவன், யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப் போவதில்லை, ஒரு சொல் ஓம் என்று சொன்னால் என்ன? சொல்லமாட்டான். மேலே யாரோ கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். எனக்குக் கோபமும் பொறாமையும் சேர்ந்தே வந்தது. நான் எழும்பி வெளியே போய்க் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன்.

அவனை ரொறன்ரோவுக்குக் கொண்டு வந்த பிறகு நான் வெக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அவனுடைய மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயம். அவளே ஃபோன் எடுத்துச் சாப்பிட வரச் சொன்னாள். போனேன். வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, அதில் அவன் சாய்ந்திருந்தான், பக்கத்தில் ஊன்றுகோல். அவன் கைக்கெட்டுகிற மேசையில் எனக்குத் தட்டு வைத்திருந்தாள். சோறும் இறைச்சியும் போட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க ஏன் நானா, உடனே சுடேல்லை?"

அதட்டிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது அதட்டிச் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாக, ஏன் குடை கொண்டு வரவில்லை என்று கேட்பதுபோலக் கேட்டாள். அவளுடைய மனுசன்தான் சுடாதே என்றான் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதையே நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்போல.

"இவன் என்ர வீட்டில ஒரு நாளாவது இறைச்சி தின்னவேணும் எண்டு இருந்தது," என்றேன்.

அவள் குனிந்து சட்டியைக் கிண்டினாள், கரண்டி சட்டியில் முட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். வாயில் வைக்கவில்லை.

கட்டிலிலிருந்து அவன் குரல் வந்தது. "அவனுக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு."

அவள் அடியிலிருந்து எடுத்துப் போட்டாள். நான் சாப்பிட்டேன்.