பூண்டு போடலியா?

என் கணவர் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். எச்சில் படக்கூடாது என்று எதையும் ருசி பார்க்க மாட்டார். மோந்து பார்த்தே உப்பு, காரம் சொல்லிவிடுவார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் செய்யும் கிரேக்கத் தயிர்ப் பச்சடியை ஒரு ஞாயிறன்று வீட்டில் நான் செய்தேன். துணியில் கட்டி வடித்த தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து போட்டேன். பச்சைப் பூண்டுதான் அதிகமாகிவிட்டது. வீடே நாறியது.

கிண்ணத்தை முகர்ந்தவர், "இன்னா, பூண்டு போடலியா?" என்றார்.

விளையாடவில்லை. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு அவர் எதையும் ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"மறந்துட்டேங்க," என்றேன்.

அவரே இன்னும் நாலு பல் நசுக்கிப் போட்டார். மறுபடி முகர்ந்தார். என்னைப் பார்க்காமல், "இப்ப சரியா கீது," என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நாக்கு எரிய எரிய இருவரும் சாப்பிட்டோம். காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். நான் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.