கொல்லிமலை வளைவில் ஓர் இன்டர்வியூ

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். வருடம் ஒருமுறை எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த வருடம் கொல்லிமலை.

அதே நாள் காலை பதினொரு மணிக்கு எனக்கு வேறொரு கம்பெனியின் வீடியோ இன்டர்வியூ இருந்தது. கோயம்புத்தூரில் பம்பு தயாரிப்பவர்கள். முதல் சுற்றில் தேறியிருந்தேன். இரண்டாவது சுற்று அன்று மட்டும்தான், தேதி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாகப் பழைய டிராயிங்கில் அளவு மாற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஒன்றைப் புதிதாக வரைய அதுதான் வழி.

டூருக்கு வரவில்லை என்றால் சந்தேகம் வரும். எங்கள் மேனேஜர் அரை நாள் லீவு கேட்டாலே குறுக்கு விசாரணை செய்கிறவர். அதனால் திட்டம் போட்டுக்கொண்டு போனேன். போனில் முழு சார்ஜ், ஹெட்செட், சர்ட்டிபிகேட் பைல். எல்லோரும் அருவிக்கு இறங்கும்போது எனக்குத் தலைவலி. பஸ்ஸுக்குள்ளேயே இன்டர்வியூவை முடித்துவிடலாம். திட்டத்தில் விட்டுப்போனது ஒன்றுதான். பஸ் நின்ற இடத்தில் சிக்னல் இல்லை.

எல்லோரும் போன பிறகு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்தேன். முழங்கால் வலியால் அருவிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு விஷயம் சொன்னால் டீ ஆறுவதற்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பெயர்.

"என்ன கண்ணு, போன வெச்சுக்கிட்டுப் பேயோட்டற மாதிரி சுத்தற?"

"வீட்டுக்குப் பேசணும்க்கா."

"ஊட்டுக்குப் பேசறதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட் பைலு?"

இனி மறைக்க முடியாது. உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அக்கா தலையாட்டினார். ஆட்டிவிட்டு நேராக மேனேஜரிடம் நடந்தார்.

மேனேஜர் தன் சொந்தக் காரில் வந்திருந்தார்; அவரும் அருவிக்கு இறங்கவில்லை. அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், அக்கா சொல்லச் சொல்ல என் பக்கம் திரும்பினார். அந்த வேலை கிடைக்கப்போவதில்லை, இந்த வேலையும் இனி இல்லை.

பக்கத்தில் வந்து, "எத்தன மணிக்கு?" என்றார்.

"பதினொரு மணிக்கு சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். "கார்ல ஏறு."

அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். "சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இன்டர்வியூ எடுக்கறவியகிட்டப் பேசு சாமி. இப்ப போனப் பாத்து, சிக்னல் ஏறுதான்னு சொல்லு."

மலையிலிருந்து இறங்கினோம். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, கீழே சமவெளி தெரியும் ஒரு வளைவில் போனில் சிக்னல் கோடுகள் நிறைந்தன. ஓரமாக நிறுத்தினார். உடனே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. 'ஒலி எழுப்பவும்' என்று அங்கே பலகையே இருந்தது. இந்தச் சத்தத்தில் நான் பேசுவது யாருக்குக் கேட்கும்?

மேனேஜர் பலகையைப் பார்த்தார். "நீ உள்ளார உக்காந்து கண்ணாடிய ஏத்திக்க." சொல்லிவிட்டு வளைவின் மேல்பக்கம் நடந்தார். அக்கா காலைத் தாங்கித் தாங்கிக் கீழ்ப்பக்கம் போய் நின்றார்.

இன்டர்வியூ தொடங்கியது. கண்ணாடி வழியே பார்க்கிறேன், மேனேஜர் கையை உயர்த்தி ஒரு வாழைத்தார் வேனை நிறுத்துகிறார். வாயில் விரல் வைத்துக் காட்டுகிறார். கீழே அக்கா முந்தானையை வீசினால், எதிரே வண்டி இல்லை என்று அர்த்தம். வேன் சத்தமில்லாமல் ஊர்ந்து போகிறது. பைக்கில் வந்த ஒருவர் அக்காவிடம் ஏதோ வாதாடினார். பிறகு அவரும் ஹாரன் அடிக்காமலே போனார்.

இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். 'மேலே இருப்பவர்கள் புதிதாக எதையும் செய்ய விடுவதில்லை' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வெயிலில் கை தூக்கி நிற்பவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "தப்பில்லாமல் வரைய இங்கே கற்றுக்கொண்டேன். இனி சொந்தமாக ஒன்றை வடிவமைத்துப் பார்க்க வேண்டும்" என்றேன். அதுதான் உண்மையும்.

முடிந்து இறங்கியதும், "கோபம் இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"இருக்குது. உம்பட வேலைய இனி யாரு பாக்கறது? அதுக்காவ, நம்ம ஆபீசுப் புள்ள ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் போயிட்டு சிக்னல் இல்லீன்னு உட்டுட்டான்னா கேவலம் யாருக்கு?"

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நாஞ் சொல்லலீன்னா காரு வந்திருக்குமா கண்ணு? இனி இத ஒருத்தருகிட்டயும் மூச்சு உட மாட்டேன்" என்றார். அப்படியே இருந்தார். நான் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்வரை ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாது.

வேலை கிடைத்தது. கடைசி வாரம்கூட மேனேஜர் என் டிராயிங்கை இரண்டு முறை சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

கறார் பேர்வழி, கோள் சொல்கிறவர் என்று நான் மூன்று வருடம் ஒதுங்கியிருந்த இருவர், என்னை வேறு இடத்துக்கு அனுப்பி வைப்பதற்காக நடுரோட்டில் வெயிலில் நின்றார்கள். இப்போது புது ஆபீஸில் யாராவது முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், இவரோடு நான் இன்னும் மலைப்பாதையில் இறங்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.