சித்தி நெருக்கி வைத்த பிளக்

சித்தியின் காரை விற்றுவிட்டு, அவளைச் சித்தப்பாவிடமே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா அடிப்பார் என்பதும் தெரியும். பத்து வயதுக்கு அதுவே அதிகம்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சித்தப்பாவை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், நகையை விற்று ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினாள். டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. சமதரையில் ஒழுங்காகப் போகும். பாலத்து ஏற்றத்தில் மிதித்தால் விக்கும்.

அப்பா பழைய வேன் ஓட்டியவர். என்ஜினில் பொறி போடும் பிளக்கைக் கழற்றி, ரம்பத் துண்டை நுழைத்து, பொறி தாண்டும் அதன் வாயை அகட்டிவிட்டார். பொறி பெரிதாக வருமாம். அவர் வேனுக்கு வந்திருக்கலாம். காருக்கு விக்கல்தான் கூடியது.

"ராசியில்லாத வண்டி. ஞாயித்துக்கிழம லால்குடிக்காரர் வராரு. குடுத்துட்டு உன் வீட்டுக்குக் கெளம்பு."

"என் வண்டி மாமா. நான் குடுக்கல."

அம்மா அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு பிளக் டப்பாவை நீட்டினார்.

"எல்லா வண்டிக்கும் இதான்மா போடுறாங்க."

"எல்லா வண்டியிலயும் டர்போ இருக்காண்ணே? இது அந்தச் சூடு தாங்காது. வண்டி புக்குல போட்ட நம்பரக் குடுங்க."

"வீட்டுக்காரர வரச் சொல்லும்மா. அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் வேற."

கடைக்காரர் அந்த நம்பரையே எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை, என்ஜின் சூடேறும் முன் வாசலில் சாக்கை விரித்தாள். புது பிளக்கையும் அப்படியே போடவில்லை. அதன் இடைவெளியில் அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தாள். வெளிக்கம்பியை மெல்லத் தட்டி நெருக்கினாள். நடுமுனையைத் தொடப்போன என் கையில் ஒரு அடி விழுந்தது.

"ஒடிஞ்சா போச்சு. டர்போ காத்தத் திணிக்கும்டி. எடவெளி அகலமா இருந்தா பொறி தாண்டாது, அணைஞ்சிரும்."

அப்பா பல் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்த வாயையும் அடைக்கிற. சுத்தமா நிக்கப் போவுது பாரு."

"நின்னா நீங்களே வித்துக்கங்க."

"ஓடுனா இன்னும் நல்ல வெல போவும்," என்று சிரித்தார்.

சித்தி ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள். பச்சைமலை ஏற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என்னை ஏற்றிக்கொண்டாள். மத்தியானம் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூர் தாண்டி, மலை வந்தது. வளைவுக்கு வளைவு அழுத்தி மிதித்தாள். ஒரு விக்கல் இல்லை. உச்சியில் நான் கத்தினேன். அவளும் கத்தினாள்.

திரும்பி வந்து தெருமுனையிலேயே என்னை இறக்கினாள். என்ஜினை அணைக்கவில்லை.

"வண்டி ஏறிருச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"நீ வரல?"

"சவாரி இருக்கு."

லால்குடிக்காரர் அப்பாவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வண்டி மலை ஏறிய பெருமையைச் சத்தமாகச் சொன்னேன். வண்டி எங்கே என்றார் அப்பா. சவாரி என்றேன். வந்துவிடும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அம்மா கேட்காமலே இன்னொரு காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று.

கொல்லைக் கொடியில் சித்தியின் துணி ஒன்றுகூட இல்லை. அம்மா மடித்து உள்ளே வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.