பன்னிரண்டு துணிகள்

“மூக்கை முட்ட வை. நல்லா முட்டட்டும். வாலை இழுக்காதே, அது என்ன ரப்பரா?”

படகைக் கட்டி முடித்திருக்க மாட்டார்கள். அதற்குள் உனைசி அளவுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்துவிடுவாள். சுருட்டை முடி தலையைச் சுற்றிப் பந்தாக நிற்கும். அதில் மூன்று பென்சில்கள் செருகியிருக்கும். ஒன்று எழுத, இன்னொன்று அது உடைந்தால் எழுத, மூன்றாவது யாராவது கேட்டால் இல்லையென்று சொல்ல.

தலைநகர் சுவாவில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்காக, ஊரில் பிடிபடும் மீனையெல்லாம் அளந்து எழுதித் தருவது அவள் வேலை. வாரத்தில் மூன்று நாள் படகுத்துறை. ஒரு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கூண்டுகளில் வளரும் ராட்சதச் சிப்பிக் குஞ்சுகளின் மேல் படிந்த பாசியைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும். “பிள்ளைங்களுக்குப் பல்லு வெளக்கிட்டு வரேன்” என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

அளக்கிற புத்தி துறையோடு நின்றால் பரவாயில்லை. தோட்டத்தில் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கும் தப்பாது, பாதிரியாரின் பிரசங்கமும் தப்பாது. மகள் மெரேசெய்னியைப் பெண் கேட்டு வந்த பையன் குனிந்து உள்ளே நுழையும்போதே, “நூத்தி எழுபத்தெட்டு” என்றாள். பலகையை மூன்று தடவை நட்டுப் பார்த்ததில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. “முடி வெட்டிட்டு வந்திருக்கான்” என்றாளே தவிர, தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவள், ஒரே ஒரு மீனை மட்டும் ஒரு வருஷம் அளக்காமல் விட்டாள்.

உடம்பெல்லாம் புள்ளி, தடித்த உதடு, பாறைப் பொந்தில் வாயைப் பிளந்து கிடக்கும் அந்த மீன்தான் உனைசியின் குலத்துக்கு உரிய மீன். அதன் பெயரை அந்தக் குலத்துப் பெண்களின் காதில் விழும்படி யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கெட்ட வார்த்தை பேசியதற்குச் சமம். வாய் தவறினால், கேட்ட பெண்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு புதுத்துணி கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண்களே சொன்னாலும் இதே சட்டம்தான். ஊரில் அவர்கள் உனைசியோடு சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர். பெயரை இங்கே எழுதவும் கை வரவில்லை.

அதனால் படகுகள் துறைக்கு வருமுன் அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் சற்று நிற்கும். அந்த மீன்கள் அங்கேயே இறங்கிவிடும். இறக்க மறந்தவை வாழையிலைக்கு அடியில் போகும். உனைசிக்குத் தெரியாதா என்ன? இலையைக் கண்டதும் மரியாதையாகக் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். படிவத்தில் பதினேழாம் வரிசையில் அந்தப் பெயர் அச்சாகி இருந்தது. அதற்கு நேரே ஒரு சுழியத்தைப் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போவாள்.

படிவங்களை வாங்க வரும் ஆய்வாளன் ராஜ்னீல், லபாசா பக்கத்தில் பிறந்தவன். இந்தக் கரையின் வழக்கம் அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதத்துச் சுழியங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“அக்கா, பதினேழாம் நம்பர் இங்க கிடைக்கறதே இல்ல போலிருக்கு. அப்ப பாறை வாசலை ஆய்விலேருந்து எடுத்துடறேன். அங்க மீன் பிடிக்காம மூடச் சொல்லி ஊருக்கு எழுத வேண்டியதில்ல.”

பாறை வாசல் என்பது பவளப்பாறைத் திட்டில் கடல் உள்ளே வந்து போகும் பிளவு. அந்த மீன்கள் குளிர்மாதங்களில் முட்டையிடக் கூடுகிற ஒரே இடம் அதுதான். மந்தையாக நிற்கும், விரட்டினாலும் போகாது. பத்து ஈட்டிகள் சேர்ந்து இறங்கினால் இரண்டு மூன்று பருவத்தில் துடைத்து எடுத்துவிடலாம். ஊர்த்தலைவர் இசிரேலியின் இரண்டு மகன்களிடமே நான்கு ஈட்டிகள் இருந்தன.

உனைசி எலுமிச்சை இலைத் தேநீரைக் கீழே வைத்தாள். தன் கையால் போட்ட சுழியங்களை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

“எடுக்காதே தம்பி. மூணு மாசம் பொறு” என்றாள். “மீனு இருக்கு. நான்தான் இல்லேன்னு எழுதிட்டேன்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு வழக்கத்தையும் விளக்கினாள், பெயரைச் சொல்லாமலே.

மறுநாள் அலையாத்திக்குப் பின்னால், முழங்கால் சேற்றில் பலகையோடு நின்றாள். முதலில் வந்த படகு அவளுடைய அத்தை மகன் வைசாலேயுடையது.

“என்ன மச்சினி, நண்டு பிடிக்கிறியா?”

“இலையை எடு மச்சான்.”

“ஐயோ, இலைக்குக் கீழ எம்பொண்டாட்டி தூங்குறா.”

“எழுப்பு. அவளையும் அளந்துடலாம்.”

“பேரைச் சொன்னா துணி கேப்பே நீ.”

“பேரு யாருக்கு வேணும்? பலகையில போடு. நான் திரும்பிக்கிறேன். அளவை மட்டும் சொல்லு.”

முதுகைக் காட்டி நின்று எழுதினாள். வைசாலே உற்சாகமாகக் கூவினான். “அம்பத்தெட்டு! அம்பத்தொம்பது! யப்பா, எழுபத்தி ரெண்டு!”

உனைசியின் பென்சில் நின்றது. “பலகையே அறுபதுதானே மச்சான்?” என்று திரும்பினாள். எழுபத்திரண்டு பலகையின் பாதியைத் தாண்டாமல் கிடந்தது.

அன்றிலிருந்து கண்ணைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு அளந்தாள். சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டு படகுக்காரர்கள் அவள் தலையைக் கண்டதும் வேறு பக்கம் போய்க் கரையேறினார்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே போய் நின்று, மீன் சட்டியில் விழுமுன் அளந்தாள். கூடப் பிறந்த அக்காவே, “குலத்து மானத்தைப் பலகையில போட்டுக் காட்டுறா” என்று பேச்சை நிறுத்திக்கொண்டாள். அது உனைசிக்கு வலித்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் சேற்றில் அவள் கால் இருந்தது.

மூன்று மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு மீன்கள். முட்டையிடும் அளவை எட்டியவை முப்பத்தொன்று. மற்றவையெல்லாம் ஒரு தடவைகூடத் தாயாகாமல் சட்டிக்குப் போனவை. ராஜ்னீல் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். “இந்தக் குளிருக்கே மூடணும் அக்கா. ஊர்தான் மூடணும், நாங்க சொன்னா நடக்காது.”

ஊர்க்கூட்டத்தன்று காலையில் உனைசி தகரப்பெட்டியைத் திறந்தாள். கல்யாணத்துக்காக வருஷக்கணக்கில் சேர்த்த துணிகளிலிருந்து பன்னிரண்டை எடுத்து மூட்டை கட்டினாள்.

“அம்மா, அது என் கல்யாணத் துணி” என்றாள் மெரேசெய்னி.

“தெரியும். தேவைப்படலேன்னா திரும்பி வரும்.”

“தேவைப்பட்டா?”

“துணியை மறுபடி சேத்துக்கலாம். மீனைப் பெட்டியில சேத்து வைக்க முடியுமா?”

கூட்டத்தில் ஆண்கள் யங்கோனா என்ற வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வாசல் பக்கம். உனைசி மூட்டை மேலேயே உட்கார்ந்து, தாளைப் பிரித்து வாசித்தாள். “பதினேழாம் நம்பர், இருநூத்திப் பதினாலு. பெரிசு முப்பத்தொண்ணு. அதுக்காகப் பாறை வாசலை நாலு மாசம் மூடணும்னு கேக்கறேன்.”

இசிரேலி மீசையைத் தடவிக்கொண்டார். கெட்டிக்கார மனுஷர்; தப்பிக்கும் வழி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் வாயால் முழுதாகக் கேட்காத எதுவும் கேட்டதாக ஆகாது. எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை.

“எந்த மீனும்மா? எனக்குப் பதினேழும் தெரியாது, பதினெட்டும் தெரியாது” என்றார். “பேரில்லாத மீனுக்காக ஊரு கடலை மூடுமா? யாராவது பேரைச் சொல்லுங்க, இப்பவே மூடிடறேன்.”

ஆண்கள் எல்லோரும் கிண்ணத்துக்குள் எதையோ தேடினார்கள். வைசாலே கால் கட்டைவிரலைச் சொறிந்தான். பன்னிரண்டு பெண்கள் எதிரே உட்கார்ந்திருக்க, எவன் வாயைத் திறப்பான்? மூலையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த ராஜ்னீல் மட்டும் முழங்காலில் எழுந்தான்.

“தம்பி, உங்கிட்ட துணி இருக்கா?” என்றாள் உனைசி.

“இல்லக்கா.”

“அப்ப உக்காரு.”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் ஒரு துணியை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டே போனாள். பேச்சை நிறுத்தியிருந்த அக்காவின் முன்னாலும் வைத்தாள். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இசிரேலியை நேராகப் பார்த்து, அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள்.