ஒரே சைக்கிளுக்கு இரண்டு பக்கங்கள்

அண்ணன் போய்விட்டார் என்று அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது காலை பதினோரு மணி. தங்கை கணினியின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனும் தங்கையும் கடைகளின் இணையதளங்களைப் பராமரிப்பவர்கள். சைக்கிள் கடைக்காரர் முந்தின நாள் குதித்திருந்தார். "தேடினா என் கடையே வரல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்." பெரிய கடை அது, போனால் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும்.

ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரே மாதிரி பல பக்கங்கள் இருந்ததால், எதைக் காட்டுவதென்று தேடுபொறி குழம்பியதுதான் கோளாறு. எது அசல் என்று மற்றவற்றில் குறித்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து, குழந்தைகள் சைக்கிள் மட்டும் பாக்கி. அதற்கு ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

எதை அசலாக்குவதென்று, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்த அண்ணனை அன்றிரவே போனில் கேட்டாள்.

"உன்னோடதையே அசலா வச்சுக்க."

"சும்மா இருண்ணே. உன்னோடதுதான் நல்லாருக்கு."

"படுத்துக்கிடக்கிறவன்கிட்டயும் மல்லுக்கு நிக்கிறியே!" சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவள் பிடிவாதமாகத் தன் பக்கத்தில் அண்ணன் பக்கத்தை அசலென்று குறித்தாள். அவரோ ஆஸ்பத்திரியிலிருந்தே தன் பக்கத்தில் அவள் பக்கத்தை அசலென்று குறித்துவிட்டார். இரண்டில் ஒரு குறிப்பை நீக்கியாக வேண்டும். காலையில் அதைக் கண்டுபிடித்து, எதை நீக்குவதென்று திணறிக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன்.

பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் அழைத்தார். விஷயம் தெரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. "நீ கெளம்பும்மா. வேலை எங்கயும் போகாது."

இப்போது மற்ற சைக்கிள்கள் தேடலில் வருகின்றன. அந்த இரண்டு பக்கங்கள் மட்டும் இன்னும் ஒன்றையொன்று அசலென்று காட்டிக்கொண்டிருக்கின்றன.